நூற்று நாற்பது இடது கதவுகள்

மொராவியாவில்,
முட்டைக்கோஸ் விளைந்த நிலத்தில்
கார்க் கதவு அடிக்கும் ஆலை.
இரவு ஷிஃப்ட்.
அழுத்து இயந்திரத்தின் இந்தப் பக்கம் ராத்மிலா,
கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்மேல்.
அந்தப் பக்கம், கதவுகள் வந்து விழும் இடத்தில்,
உல்சானிலிருந்து வந்த பொறியாளர் பியோ.
நடுவே இரும்புத் திரை.

வந்த கதவில் மயிரிழை மடிப்பொன்றைப்
பார்த்துவிட்டார் பியோ.
பதறி ஏதோ கத்தினார்.
வாக்கி டாக்கியில் அவள் கேட்டாள்:
"நிறுத்தவா?"
அது அவர் முதல் வாரமே கற்ற சொல்.
"நே" என்றார்.

அவர் ஊரில் நே என்றால் ஆமாம்.
அவள் ஊரில் நெ என்றால் வேண்டாம்.
குறிலா நெடிலா என்று
முந்நூறு டன் இறங்கும் சத்தத்தில்
யார் மாத்திரை எண்ணுவது?
நேரில் என்றால் தலையாட்டியிருப்பார்.
வாக்கி டாக்கிக்குத் தலை கிடையாது.

"நிஜமாகவா?"
"நே, நே!"
இரட்டித்துச் சொன்னால் உறுதி
என்பது மட்டும் இரு மொழிக்கும் பொது.

பத்தொன்பது நிமிடம்.
நூற்று நாற்பது இடது கதவுகள்.
ஒவ்வொன்றிலும் கைப்பிடிக்குக் கீழே
தூங்கி எழுந்த கன்னத்தில்
தலையணை பதிந்த தடம்போல
அதே மடிப்பு.

காலை ஏழுக்கு விசாரணை.
மொழிபெயர்ப்பாளர் இவோனா
ஓஸ்ட்ராவா சாலையில் பனியில் சிக்கியிருந்தாள்.
காத்திருக்க முடியாது என்று மேஸ்திரியே
பேனாவைத் திறந்தார்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெல்ஃபினைக் கூப்பிட்டார்.
படாங்காஸிலிருந்து வந்து மூன்று வாரம்.
"பேசியது உன் காதில் விழுந்ததா?"
"அனோ?" என்றான் அவன்.
என்னது என்று அவன் மொழியில்.
ஆமாம் என்று மேஸ்திரியின் மொழியில்.
எழுதிக்கொண்டார்.
"முழுவதும் விழுந்ததா?"
"அனோ?"
"நல்ல பையன். இங்கே கையெழுத்துப் போடு."

ராத்மிலா அப்போது வராந்தாவில்
கணவனோடு தொலைபேசியில்.
"நொ... நொ... நொ."
ஆமாம்பா, சரிப்பா, ஆமாம் என்பதற்கு
அங்கே அப்படித்தான் இழுப்பார்கள்.
ஆங்கிலம் மட்டும் அறிந்த மேலதிகாரி ஒருவர்
கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்து,
இவ்வளவு உறுதியாக மறுப்பவள்
தப்பு செய்திருக்க மாட்டாள் என்று
முடிவு கட்டினார்.

நம்மிடமும் இருக்கிறது ஒரு நே.
ஓரெழுத்துச் சொற்களின் பழைய வரிசையில்
நீக்கும் நோவுக்கும் இடையே எங்கோ.
அன்பு என்று பொருள்.
யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.
இதை அங்கே கொண்டுபோய்
இன்னும் குழப்ப வேண்டாம்.

பதினொரு மணிக்கு இவோனா வந்தாள்,
காலணியில் பனியோடு.
இருவரையும் கேட்டாள். சிரித்தாள்.
பிறகு 'காரணம்' என்ற கட்டத்தில்
'ஓர் எழுத்து' என்று எழுதினாள்.
விளக்கம் போதாது என்று திரும்பி வந்தது தாள்.
டெல்ஃபினுக்கு மட்டும் அந்த மாத
ஊக்கத்தொகையில் பாதி போயிற்று,
தெரிந்தும் சொல்லாததற்காக.

அதன்பின் கேன்டீனில் ஒரே மேசை.
அவர் டப்பாவில் சிவப்பாய்,
அவள் டப்பாவில் வெளுப்பாய்,
இரண்டும் புளித்த முட்டைக்கோஸ்.
மற்றவருடையது கெட்டுப்போயிற்றோ என்று
இருவருக்கும் சந்தேகம்.
கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு ஆண்டில்
அவர் நெ என்று மறுக்கக் கற்றார்.
அவள் நே என்று ஒப்பக் கற்றாள்.
ஒப்பந்தம் முடிந்த மார்ச்சில்
ரயில் நிலையத்தில் அவள் கேட்டாள்:
"திரும்பி வருவீர்களா?"
பெட்டியைத் தூக்கக் குனிந்திருந்தார்,
கழுத்துவரை கம்பளித் துண்டு.
தலை ஆடியதா, தெரியவில்லை.
"நே" என்றார்.
மெதுவான ரயில்தான்.
எந்த மொழியில் என்று
கேட்க நேரம் இருந்தது.

பழைய இரும்பு விலைக்கு
அவள் வாங்கிவந்த இடது கதவு ஒன்று
கோழிக்கூண்டில் மாட்டியிருக்கிறது.
கைப்பிடிக்குக் கீழே மடிப்பு.
கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே
கோழிகள் போகின்றன, வருகின்றன.
கதவை அவள் திறப்பதே இல்லை.